எதை அழுத்தினாலும் ஒரே இடமா?

மலைச்சரிவில் கவசம் போட்ட ஒரு குதிரைவீரன் பாய்ந்து வருகிறான். நீங்கள் ஒரு டிராகன். சிறகடித்து மேலே போகலாம், வாலால் அடித்து அவனைக் குதிரையிலிருந்து தள்ளலாம், நகத்தால் கிழிக்கலாம், ஒரு வாய் நெருப்பு ஊதலாம். இல்லை, ஓர் உறுமல் உறுமிவிட்டு, வரட்டும் பார்க்கலாம் என்று நிற்கலாம். ‘சாய்ஸ் ஆஃப் த டிராகன்’ இப்படித்தான் தொடங்குகிறது. படம் கிடையாது, ஒலி கிடையாது. ஐந்து வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வட்டம், கீழே ‘அடுத்து’ என்ற பொத்தான். அவ்வளவுதான் கேம்.

ஐந்தில் எதை அழுத்தினாலும் அந்தச் சண்டையில் டிராகன்தான் ஜெயிக்கும். மாறுவது வேறு இடத்தில். புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் மூன்று எதிரிடைகள் இருக்கும்: கொடூரம்–நுணுக்கம், தந்திரம்–நேர்மை, அலட்சியம்–எச்சரிக்கை. ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்கும். இவை தவிரக் காயம், கெட்டபெயர், செல்வம் என்று தனி அளவுகள். வாலால் அடித்தவரும் நெருப்பு ஊதியவரும் சீக்கிரமே ஒரே வரிக்குத்தான் வந்து சேர்வார்கள், ஆனால் வேறு வேறு எண்களோடு வருவார்கள்.

எழுத்தாலேயே ஓடும் இந்த வகை ஃபேன்டஸி கேம்களைப் பற்றி விளையாடியவர்கள் சொல்லும் கருத்துகளில் திரும்பத் திரும்ப வரும் குறை, ‘எதை அழுத்தினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது’ என்பது. இதைச் சொல்பவரை அவசரக்காரர், சரியாகப் படிக்காதவர் என்று ஒதுக்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பல நேரம் இதைச் சொல்பவர்தான் எல்லாரையும்விட மனமொன்றி விளையாடியவர். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

முதலில் எளிதான பகுதி. ஒவ்வோர் இடத்திலும் 2 வழி, அப்படி 20 இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியையும் மறுபடி ஒன்றுசேர்க்காமல் எழுதினால் முடிவுகள் மட்டும் 10,48,576. ஒரு முடிவுக்கு 200 சொல் என்றாலும் 20 கோடிச் சொல்லைத் தாண்டும். மனிதரால் ஆகாது. ஆகவே எல்லா ஆசிரியர்களும் ஒன்றையே செய்கிறார்கள்: கிளை பிரிக்கிறார்கள், இரண்டு மூன்று பக்கங்களுக்குப் பிறகு கிளைகளை ஒரே காட்சியில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள், பிரிந்ததன் தடயத்தை ஓர் எண்ணில் சேர்த்துவைக்கிறார்கள். அந்த எண் மூன்று அத்தியாயம் கழித்து வேலை செய்யும். கதை ஒன்றுசேர்வதில் பிழை இல்லை. சேர்த்துவைத்த எண் கடைசிவரை வேலை செய்யாமல் போவதுதான் பிழை.

அந்த எண்ணை எப்படி ஏற்றுகிறார்கள்? 2009-இல் டான் ஃபபுலிச்சும் ஆடம் ஸ்ட்ராங்-மோர்ஸும் தொடங்கிய சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் நிறுவனத்தின் முதல் கேம்தான் மேலே சொன்ன டிராகன். அவர்கள் இதற்கென்றே உருவாக்கிய எளிய மொழி சாய்ஸ்ஸ்கிரிப்ட். வெறும் உரைக் கோப்புதான். வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதை வைத்தே எந்த வரி எந்தத் தேர்வுக்கு உரியது என்று அது புரிந்துகொள்ளும். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு வார இறுதியில் பழகிவிடலாம். அதில் ‘ஃபேர்மேத்’ என்றொரு கணக்கு முறை இருக்கிறது. 20 கூட்டு என்று எழுதினால், இருக்கும் எண்ணோடு 20 சேராது. 100-ஐ எட்ட இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அதில் 20 சதவீதம் சேரும். 20 குறை என்று எழுதினால், இருக்கும் எண்ணில் 20 சதவீதம் போகும். எண் 0-க்குக் கீழேயும் 100-க்கு மேலேயும் போகாமல் இருக்க இது நல்ல வழி.

50-இல் தொடங்கும் கொடூரத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கொடூரமான வழியையே தேர்ந்தால் 60, 68, 74, 79, 83 என்று ஏறும். முதல் படி 10, ஐந்தாம் படி 4. இனி சறுக்கலைப் பாருங்கள். கதையின் தொடக்கத்தில், 50-இல் இருக்கும்போது ஒரு தடவை இரக்கம் காட்டினால் 40 ஆகும், அடுத்த வாய்ப்பிலேயே 52-க்கு வந்துவிடலாம். அதே இரக்கத்தை 74-இல் இருக்கும்போது காட்டினால் 59-க்கு விழும். மறுபடி 74-ஐத் தொட இரண்டு ஏற்றம் வேண்டும். இரக்கம் காட்டிய அந்த வாய்ப்பையும் சேர்த்தால் மூன்று வாய்ப்புகள் போயின. ‘ஒரே ஒரு தடவை அந்தச் சிறுவனை விட்டுவிட்டேன், அதற்குப் பிறகு எல்லாச் சண்டையிலும் தோல்வி’ என்று யாராவது எழுதியிருந்தால், அவர் மிகைப்படுத்தவில்லை. கணக்கே அப்படித்தான் இருக்கிறது. கதையில் எந்த இடத்தில் மனம் மாறுவது மிக அழகாக இருக்குமோ, அந்தப் பின்பாதியில்தான் மனம் மாறுவதற்கு அதிக விலை.

இன்னொரு ஆட்டக்காரர் இருக்கிறார். இடத்துக்குத் தக்கபடி நடப்பவர். திருடனிடம் கொடூரம், முதியவரிடம் நுணுக்கம். மாற்றி மாற்றித் தேர்ந்தால் அவருடைய எண் 44-க்கும் 56-க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். நூறு தடவை தேர்ந்தாலும் அங்கேயேதான். கொடூரம் 60 வேண்டும் என்று கேட்கும் காட்சியிலும் தோற்பார், நுணுக்கம் 60 வேண்டும் என்று கேட்கும் காட்சியிலும் தோற்பார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கேம் அவரைப் பார்க்கிறது. ஆனால் அவர் செய்தது என்ன? எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து முடிவெடுத்தார். நிஜ வாழ்க்கையில் நாம் எல்லாரும் அப்படித்தான். எந்த வழியில் போனாலும் தோல்விப் பத்தியையே படிக்கும் அவருக்கு, எதை அழுத்தினாலும் ஒரே இடம் என்று தோன்றுவதில் என்ன வியப்பு?

ஃபேர்மேத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவு என்றால், நீண்ட ஓட்டத்தில் அந்த எண், நீங்கள் அந்தப் பக்கம் சாய்ந்த தடவைகளின் சதவீதத்தையே நெருங்கும். மூன்றில் இரண்டு முறை கொடூரமாக நடப்பவர் 67-ஐ நோக்கிப் போவார். ஆனால் போய்ச் சேர நாள் ஆகும். ஒரு படிக்கு 10 சதவீதம் என்று வைத்து, 9 வாய்ப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கொடூரமாக நடந்தால் அவர் சராசரியாக 60-இல்தான் நிற்பார். ஒன்பதில் முதல் ஆறையும் சறுக்காமல் ஏறினால்கூட 70-க்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஆகவே மூன்றாம் அத்தியாயத்திலேயே 75 கேட்கும் ஆசிரியர், ‘ஏறக்குறைய ஒரு தடவைகூடப் பிசகாமல் இருந்தாயா’ என்று கேட்கிறார். அப்படிக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. 75 என்பது பார்ப்பதற்கு நடுத்தரமான எண்ணாகத் தெரிகிறது, அதுதான் ஏமாற்று.

சரிசெய்வது கடினமல்ல. எண் போதுமா என்று கேம் பார்க்கும் ஒரு சோதனைக்கு முன்னால் அந்த எண்ணை மாற்றும் வாய்ப்புகள் எத்தனை என்று எண்ண வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஒரு பக்கம் சாயும் ஆட்டக்காரர் எங்கே நிற்பார் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் வாசலை, அதாவது கேட்கும் குறைந்தபட்ச எண்ணை, வைக்க வேண்டும். முக்கியமான காட்சியில், எண் 40-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பவருக்கென்றே ஒரு வழி எழுத வேண்டும்: எந்தப் பக்கமும் சாயாததால்தான் கோப்ளின்கள் என்னும் குட்டிப் பூதங்கள் அவர் பேச்சை நம்புகின்றன என்பதுபோல. ஒரு பத்தி கூடுதல் வேலை. ஆனால் இடத்துக்குத் தக்கபடி நடந்தவருக்கு, கேம் தன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது என்று அந்த ஒரு பத்தி சொல்லிவிடும்.

ஆசிரியர்கள் இதைத் தாங்களே ஏன் கண்டுபிடிப்பதில்லை? சோதித்துப் பார்க்காமல் இல்லை. சாய்ஸ்ஸ்கிரிப்டோடு இரண்டு தானியங்கிச் சோதனைகள் வருகின்றன. குவிக்டெஸ்ட் ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பார்த்து, போகும் இடமில்லாத தாவல், எழுத்துப்பிழையான மாறி (எண்ணையோ சொல்லையோ சேர்த்துவைக்கும் பெயர்) போன்றவற்றைப் பிடிக்கும். ராண்டம்டெஸ்ட் கேமை 10,000 முறை கண்ணை மூடிக்கொண்டு விளையாடும். எந்த வரியை எத்தனை தடவை தொட்டது என்று பட்டியல் தரும். இரண்டும் அருமையான கருவிகள்தான். ஆனால் கண்ணை மூடி விளையாடும் இயந்திரம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை, அதனுடைய எண்கள் பெரும்பாலும் 50-ஐச் சுற்றியே கிடக்கும். 75 கேட்கும் காட்சியின் வெற்றிப் பத்தியை அது ஏறக்குறைய தொடாது. பட்டியலில் அந்த வரிக்கு நேரே 10,000-இல் 12 என்று இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? யாரும் இந்தப் பத்தியைப் படிக்கப்போவதில்லை என்று வாசலை 55-க்கு இறக்குவார். உடனே ஒரே குணத்தைப் பிடித்துக்கொண்டு விளையாடும் மனிதர்கள் எல்லாச் சோதனையிலும் ஜெயிப்பார்கள், ‘கேம் சப்பென்று இருக்கிறது’ என்ற கருத்து வரும். இறக்காமல் விட்டால், இடத்துக்குத் தக்க நடப்பவர்களிடமிருந்து முன்னே சொன்ன குறை வரும். மனிதர்கள் விளையாடிச் சொல்லும் கருத்துக்கு இயந்திரம் ஈடாகாது என்று சொல்வது இதனால்தான்.

அடுத்த பெரிய குறை, தேர்வின் சொற்களைப் பற்றியது. பாலத்தில் ஒரு காவலன் மறிக்கிறான் என்று வையுங்கள். ‘அவனைப் பேசி வழிக்குக் கொண்டுவருகிறேன்’ என்பது ஒரு வழி. ஆட்டக்காரர் நுணுக்கம் 70 வைத்திருக்கிறார், நம்பி அழுத்துகிறார். கேம் உள்ளே நேர்மையைச் சோதிக்கிறது, தோல்வி. கோபம் வராதா? வாக்கியத்துக்குள்ளேயே வழிமுறையை வைத்துவிட்டால் தீர்ந்தது: ‘நடந்த உண்மையை அப்படியே சொல்கிறேன்’, ‘அரசன் அனுப்பிய தூதன் நான் என்று கதை விடுகிறேன்’, ‘அவன் காதோரம் குனிந்து மெதுவாக மூச்சு விடுகிறேன்’. எந்த எண் சோதிக்கப்படும் என்று சொல்லாமலே தெரிகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு கோளாறு, ஒரே தேர்வு எண்ணை ஏற்றவும் செய்வது, சோதிக்கவும் செய்வது. கொடூரம் 45 இருப்பவர் கொடூரமாக மாற விரும்பி அந்த வழியை அழுத்துகிறார். 45 போதாது, தோல்வி. தோற்றதால் எண்ணும் ஏறவில்லை. அடுத்த முறையும் அதே 45. வேலையில் சேர அனுபவம் கேட்கிறார்கள், அனுபவம் வேலையில் சேர்ந்தால்தான் வரும் என்கிற கதை. முதல் இரண்டு அத்தியாயங்களில் எண்ணை ஏற்ற மட்டுமே செய்து, மூன்றாவதிலிருந்து சோதிக்கத் தொடங்கும் கேம்களில் இந்தப் புலம்பல் எழுவதில்லை. தோல்வியிலும் 5 சதவீதம் ஏற்றிவிடுவது இன்னொரு வழி. முயன்று தோற்றவனும் ஏதோ கற்றுக்கொள்கிறான் அல்லவா?

கடுமையாக இருந்தும் ஆட்டக்காரர்கள் பிரியமாகப் பேசும் கேம்கள் உண்டு. பால் வாங் 2013-இல் எழுதிய ‘சேபர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி’ நல்ல எடுத்துக்காட்டு. கற்பனை நாடு ஒன்றின் குதிரைப்படையில் இளநிலை அதிகாரி நீங்கள். படைத்திறன், கவர்ச்சி, அறிவு என்று மூன்று பெரிய அளவுகள். தவறாக முடிவெடுத்தால் உங்கள் ஆட்கள் சாவார்கள். ஆனாலும் அதைப் பற்றி ‘ஒரே இடம்’ என்ற குறை எழுவது அரிது. தோல்வி அங்கே வெறும் ‘முடியவில்லை’ என்ற பத்தியாக நிற்பதில்லை. யார் இறந்தார், மேலதிகாரி உங்களை இனி எப்படிப் பார்க்கிறார் என்று அது அடுத்த காட்சிக்குள் நடந்துவருகிறது. தொடர்ச்சியாக வந்த 2016-இன் ‘கன்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி’க்கும் அந்த ஆளையே கூட்டிக்கொண்டு போகலாம். தோல்விக்கும் வெற்றிக்கும் சம அளவு எழுதுவது என்றால் இதுதான். வெற்றிக்கு 400 சொல்லும் தோல்விக்கு 40 சொல்லும் எழுதியிருந்தால், எந்த எண் வைத்திருந்தாலும் ஆட்டக்காரர் ஏமாற்றத்தை உணர்வார்.

விளையாடியதைச் சேமித்துவைத்து அந்த இடத்துக்கே திரும்பும் ‘சேவ்’ வசதி பற்றிய சண்டை பழையது. சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் வழக்கமான சேவ் வசதியைத் தராமல் இருந்தது. அழுத்தியதை மாற்ற முடியாது என்றால்தான் தேர்வுக்கு எடை வரும் என்பது அவர்கள் பக்கம். அதற்கு நேர் எதிரே இங்க்கிள் நிறுவனத்தின் ‘சோர்சரி!’ இருக்கிறது. 2013-இல் முதல் பாகம் வந்தது. வரைபடத்தில் கடந்த எந்த இடத்துக்கும் பின்னால் சுருட்டிக்கொண்டு போகலாம். புத்தகமாக இருந்த காலத்தில் பக்கத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தவர்களுக்கு அது இயல்பாகவே இருந்தது. இரண்டு பக்கத்தாரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. எண்கள் மெதுவாக ஏறி, மூன்று அத்தியாயம் கழித்து வேலை செய்யும் கேமில், ஒரு படி பின்னால் போவதால் எந்தப் பயனும் இல்லை. பிழை நடந்த இடம் வெகு தொலைவில் இருக்கிறது. அத்தியாயத் தொடக்கத்துக்குத் திரும்பும் வசதிதான் இங்கே பொருந்தும். சாய்ஸ்ஸ்கிரிப்டிலும் பின்னாளில் அப்படி ஒரு கட்டளை வந்துவிட்டது. மொத்தமாக முதலிலிருந்து தொடங்கு என்று 3 மணி நேரம் படித்தவரிடம் சொல்வது எடை சேர்ப்பதாகாது. படித்த பக்கங்களையே மறுபடி வேகமாகத் தள்ளிக்கொண்டு போகவே வைக்கும்.

நீளத்தைப் பற்றிச் சுருக்கமாக. கெவின் கோல்ட் எழுதிய ‘சாய்ஸ் ஆஃப் ரோபாட்ஸ்’ 3 லட்சம் சொல் என்று விளம்பரத்தில் இருக்கும். (அது ஃபேன்டஸி அல்ல, ஆனால் கட்டமைப்பு இதே.) ஒரு சுற்றில் 3 லட்சத்தையும் யாரும் படிக்கப்போவதில்லை. ஓர் அத்தியாயத்தில் ஒன்றையொன்று தொடாத 4 வழிகள், வழிக்கு 5,000 சொல் என்றால் விளம்பரத்தில் 20,000, உங்கள் கண்ணில் 5,000. ‘சீக்கிரம் முடிந்துவிட்டது’ என்ற கருத்தும் ‘எத்தனை முறை விளையாடினாலும் புதிதாக இருக்கிறது’ என்ற கருத்தும் ஒரே கேமைப் பற்றி வருவது அதனால்தான்.

தமிழில் இப்படி ஒன்று எழுத நினைப்பவர்களுக்கு ஒரு சங்கடமும் ஒரு வரமும் இருக்கின்றன. சங்கடம், வினைமுற்று. துணைக் கதாபாத்திரம் ஆணா பெண்ணா என்று ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும் கேம்களில், ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரை மட்டும் மாறியில் வைத்தால் போதும். தமிழில் ‘அவன் சிரித்தான்’, ‘அவள் சிரித்தாள்’ என்று வினையின் கடைசி எழுத்தும் சேர்ந்து மாற வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் ஆன், ஆள் என்ற விகுதியை மாறியாக ஒட்டினால், ‘சிரித்த்’ என்று வெட்டி நிற்கும் மெய்யெழுத்தோடு அது ஒட்டாது. திரையில் புள்ளி வைத்த எழுத்தும் உயிரெழுத்தும் தனித்தனியே நிற்கும். ‘சிரித்தா’ வரை எழுதி, கடைசி ‘ன்’, ‘ள்’ மட்டும் மாறியில் வைக்க வேண்டும், ஒவ்வொரு வினையிலும் மறக்காமல். எல்லாவற்றுக்கும் ‘அவர்’ போட்டுத் தப்பிக்கலாம் என்றால், டிராகனின் கால் துடைக்கும் கோப்ளினை ‘அவர் வந்தார்’ என்று எழுத மனம் வருமா? ஆட்டக்காரரை நோக்கிப் பேசும் ‘நீ திறக்கிறாய்’ மட்டும் தப்பித்தது, அதற்குப் பால் கிடையாது.

வரம் என்னவென்றால், நீ, நீங்கள். நெருக்கம் என்ற எண் 60-ஐத் தாண்டியதும், அதுவரை ‘நீங்கள்’ என்று பேசிய இளவரசி ஒரு வரியில் ‘நீ’ என்று சொல்கிறாள். அல்லது துரோகம் தெரிந்தபின், ‘நீ’ என்று பேசிய நண்பன் சட்டென்று ‘நீங்கள்’ என்கிறான். புதுக் கிளை எதுவும் வேண்டாம், புதுக் காட்சி வேண்டாம், ஒரே மாறி. நம் மொழியில் வளர்ந்தவர் எவரும் அந்த வரியில் நின்றுவிடுவார். சேர்த்துவைத்த எண்ணை ஆட்டக்காரர் கண்ணுக்குக் காட்ட இதைவிடச் சிக்கனமான வழி எந்த மொழியிலும் இருக்குமா என்று தெரியவில்லை. எழுதும் எண்ணம் உள்ளவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, கருத்து எழுதுபவர்களுக்கு. ஆசிரியர்கள் முன்னோட்ட அத்தியாயங்களைத் தந்து விளையாடிப் பார்க்கச் சொல்லும்போது, ‘தேர்வுகளுக்கு மதிப்பே இல்லை’ என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த அத்தியாயம், எந்தக் காட்சி, எந்த வரியை அழுத்தினீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, அந்த நேரத்தில் புள்ளிவிவரப் பக்கத்தில் என்ன எண் இருந்தது: இந்த ஆறும் இருந்தால் போதும். ‘மூன்றாம் அத்தியாயம், பாலத்துக் காவலன். பேசி வழிக்குக் கொண்டுவரும் வரியை அழுத்தினேன். நுணுக்கம் 68 இருந்தது, விடுவான் என்று நினைத்தேன். என்னைப் பொய்யன் என்று சொல்லிக் கதவை அடைத்தான். நேர்மை 41.’ இதைப் படிக்கும் ஆசிரியர் அந்தக் கோப்பைத் திறந்து நேராக அந்த வரிக்குப் போவார். சோதனை தவறான எண்ணைப் பார்க்கிறதா, வாக்கியம் தவறாக இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.